மீனா, கேப்சூலா, கடல்பாசியா? இதயத்துக்காக கடல்ல இருந்து எதை எடுத்துக்கறது

வீட்டுல ஒருத்தருக்கு ஸ்டென்ட் வெச்சு டிஸ்சார்ஜ் ஆகி வந்தா போதும், ஒரு வாரத்துக்குள்ள கேள்வி ஆரம்பிச்சிடும். ஃபிஷ் ஆயில் கேப்சூல் போடலாமா, இல்ல வாரத்துக்கு நாலு நாள் மீன் சாப்பிட்டா போதுமா, துபாய்ல இருந்து வர்ற மச்சான்கிட்ட கிரில் ஆயில் வாங்கிட்டு வரச் சொல்லலாமா, சைவக்காரங்க என்ன பண்றது, கடல்பாசி பவுடர்னு ஒண்ணு வாட்ஸ்அப்ல சுத்துதே அது நெஜமா. எல்லாமே கடல்ல இருந்து வர்றதுதான், ஆனா ஒண்ணுக்கொண்ணு தூரம் ரொம்ப. ஒண்ணு பெரிய ட்ரயல்ல பாஸ் ஆகி டாக்டர் சீட்டுல வர்ற மருந்து, ஒண்ணு வெறும் சாப்பாடு, ஒண்ணு இன்னும் எலியைத் தாண்டி பெருசா வரவே இல்ல. மூணையும் ஒரே தட்டுல வெச்சு "இயற்கை"ன்னு பேர் ஒட்டி விக்கறதுதான் குழப்பத்துக்கே காரணம்.

## எதை வெச்சு எடை போடறது

முதல் விஷயம், ஹார்ட் அட்டாக்கும் சாவும் குறைஞ்சுதா, இல்ல லேப் ரிப்போர்ட்ல ஒரு நம்பர் மட்டும் குறைஞ்சுதா. இது ரெண்டும் வேற வேற. இந்த மீன் எண்ணெய் கதையே அங்கதான் ஆரம்பிச்சுது, 1970-கள்ல டென்மார்க் டாக்டர்கள் பாங், டையர்பெர்க் ரெண்டு பேரும் கிரீன்லாந்துக்குப் போயி அங்க இருக்கற இனுயிட் மக்களோட ரத்தத்தையும் சாப்பாட்டையும் அளந்தாங்க, சீலும் திமிங்கலமும் மீனும்தான் சாப்பாடு, ரத்தத்துல கொழுப்பு நல்லா இருக்கு, அப்ப இதய நோய் கம்மியாத்தான் இருக்கணும்னு உலகம் பூரா பரவிடுச்சு. ஆனா அவங்க இதய நோயாளிகளை நேரா எண்ணிப் பாக்கவே இல்ல. 2014-ல கனடாக்காரங்க சிலர் பழைய பதிவுகளையெல்லாம் புரட்டிப் பாத்துட்டு இனுயிட் மக்களுக்கும் இதய நோய் மத்தவங்க அளவுக்கு இருந்திருக்குன்னு எழுதினாங்க. அதுக்குள்ள கேப்சூல் வியாபாரம் எங்கயோ போயிடுச்சு.

ரெண்டாவது, அளவு. "ஒமேகா 3 இருக்கு"ங்கறது பதில் இல்ல, எத்தனை மி.கி இபிஏ, எத்தனை மி.கி டிஹெச்ஏங்கறதுதான் கேள்வி. ஒமேகா 3-ல வர்ற இந்த ரெண்டு கொழுப்பு அமிலத்துக்குத்தான் இவ்ளோ பேச்சும். மூணாவது, யாருக்கு. ஏற்கனவே அட்டாக் வந்து கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடறவரும், 35 வயசுல ஒண்ணுமில்லாம பயந்துட்டு கேக்கறவரும் ஒரே ஆள் இல்ல. நாலாவது மறைஞ்சிருக்கற செலவு, அதாவது பாட்டில் விலை மட்டும் இல்ல, பக்க விளைவு, மத்த மருந்தோட மோதல், அப்பறம் இதை நம்பி எதை நிறுத்தறாங்கங்கறதும் சேர்த்து. கடைசி விஷயம்தான் எனக்கு ரொம்ப பயம், கேப்சூல் ஆரம்பிச்சுட்டோம்னு ஸ்டேட்டினை நிறுத்தறவங்க நிறைய. ஸ்டேட்டினும் முதல்ல பூஞ்சையில இருந்து எடுத்த இயற்கைச் சரக்குதான், கடல்ல இருந்து வரலைங்கறதால அதுக்கு கவர்ச்சி கம்மி போல.

## தட்டுல வர்ற மீன்

ஆதாரம்: நல்லா இருக்கு, ஆனா இரும்புக் கோட்டை இல்ல. 1989-ல வேல்ஸ் நாட்டுல டார்ட்னு ஒரு ட்ரயல், அட்டாக் வந்து பொழச்ச 2,033 ஆம்பளைங்க, அதுல ஒரு பகுதிக்கு கொழுப்புள்ள மீன் வாரம் ரெண்டு தடவையாவது சாப்பிடுங்கன்னு சொன்னாங்க, ரெண்டு வருஷத்துல அந்தக் குரூப்ல சாவு 29 சதவீதம் கம்மி. அதே ஆளுங்க பின்னாடி ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் பத்தாம வர்ற நெஞ்சு வலி, இருக்கற ஆம்பளைங்க கிட்ட டார்ட்-2ன்னு பண்ணினப்ப அந்தப் பலன் வரல, இது 2003-ல வந்துச்சு. இதை யாரும் பாட்டில்ல ஒட்டறதில்ல. ஆனா நிறைய நாடுகள்ல வருஷக்கணக்கா மக்களைப் பின்தொடர்ந்து பாத்த ஆய்வுகள்ல மீன் சாப்பிடறவங்களுக்கு இதயச் சாவு கம்மின்னு திரும்பத் திரும்ப வருது, அதனாலதான் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் வாரம் ரெண்டு வேளை மீன்னு சொல்லுது, ஒரு வேளைன்னா சமைச்ச மீன் 85 கிராம் பக்கம். அவ்வளவுதான், நம்ம ஊர்ல ரெண்டு துண்டு.

மீன் சாப்பிடற அன்னைக்கு மட்டனோ பரோட்டா சால்னாவோ தட்டுல இல்ல பாருங்க, அந்தக் கணக்கும் லாபத்துல சேரும். கேப்சூல் போட்டா மட்டன் தட்டை விட்டு நகராது.

எந்த மீன்னா, வஞ்சிரம் வாங்கித்தான் ஆகணும்னு கிடையாது. சாளை, மத்தின்னு சொல்றோமே அதுவும் அயிலையும்தான் இதுக்கு ராஜா, விலையும் கம்மி. மத்தி சதைல 100 கிராமுக்கு இபிஏ, டிஹெச்ஏ சேர்த்து 1 கிராம் பக்கம் வரும், சீசனைப் பொறுத்து ஏறும் எறங்கும், எண்ணெய் ஏறின சமயத்துல வர்ற மத்தியை குழம்பு வெச்சாலே மேல எண்ணெய் மிதக்கும் பாருங்க அதுதான் சங்கதி. சுறா, பெரிய சூரை, மயில் கோலா மாதிரி பெரிய மீனுங்கள்ல பாதரசம் சேரும், கர்ப்பமா இருக்கறவங்களும் குழந்தைங்களும் அதை அடிக்கடி சாப்பிடக் கூடாது. சின்ன மீன்ல அந்தப் பிரச்சனை ரொம்ப கம்மி.

மறைஞ்ச செலவு: சமைக்கற விதம். அமெரிக்காவுல வயசானவங்களை வெச்சு பண்ணின ஒரு பெரிய ஆய்வுல வேக வெச்ச, சுட்ட மீன் சாப்பிட்டவங்களுக்கு இதயச் சாவு கம்மியா இருந்துச்சு, பொரிச்ச மீன் சாப்பிட்டவங்களுக்கு அந்தப் பலன் தெரியல. நேத்து பொரிச்ச எண்ணெயிலயே இன்னைக்கும் பொரிக்கற பழக்கம் இருந்தா "மீன் சாப்பிடறேன்"னு சொல்லிக்கறதுல அர்த்தம் இல்ல. கருவாடுன்னா உப்பு, பிபி இருக்கறவங்களுக்கு அது வேற தலைவலி. யூரிக் ஆசிட் ஏறி கவுட் வந்தவங்களுக்கு மத்தி, நெத்திலி ரெண்டுலயும் யூரிக் ஆசிட்டா மாறற ப்யூரின் ஜாஸ்தி, அவங்க அளவா சாப்பிடணும்.

யாருக்கு சரி: மீன் அலர்ஜி இல்லாத, மீன் சாப்பிடற எல்லாருக்கும் முதல் சாய்ஸ் இதுதான். குழம்பா வெச்சா இன்னும் நல்லது.

## கடையில சும்மா கிடைக்கற ஃபிஷ் ஆயில் கேப்சூல்

பாட்டில்ல பெருசா 1000 மி.கின்னு போட்டிருக்கும். அது எண்ணெயோட எடை. திருப்பி பின்னாடி பொடி எழுத்துல பாத்தா இபிஏ 180, டிஹெச்ஏ 120, மொத்தம் 300. 60 கேப்சூல் டப்பான்னா மொத்தமே 18 கிராம், அதாவது சுத்தம் பண்ணின மத்தி சதை 1.8 கிலோவுல இருக்கறது. உங்க ஊர் மார்க்கெட் விலையை நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க.

ஆதாரம்: இங்க கதை மேல ஏறி கீழ எறங்கின கதை. 1999-ல இத்தாலியில ஜிஸ்ஸி ட்ரயல், அட்டாக் வந்த 11,000 பேருக்கு மேல, தினம் சுமார் 1 கிராம் ஒமேகா 3, சாவு குறைஞ்சுது, எல்லாரும் கொண்டாடினாங்க. ஆனா அந்தக் காலத்துல ஸ்டேட்டின் சாப்பிட்டவங்க கம்மி. அப்பறம் நல்ல மருந்து எல்லாம் வந்த காலத்துல திரும்பப் பண்ணினா ஒண்ணும் நிக்கல. 2018-ல இங்கிலாந்துல அசெண்ட் ட்ரயல், சுகர் இருக்கற 15,480 பேர், தினம் 1 கிராம் கேப்சூல், சராசரியா ஏழு வருஷத்துக்கும் மேல, ஒப்பிடறதுக்கு கொடுத்த டம்மி கேப்சூல்ல இருந்தது ஆலிவ் ஆயில், ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல. அதே வருஷம் அமெரிக்காவுல வைட்டல் ட்ரயல், 25,871 பேர், மொத்தக் கணக்குல பலன் இல்ல, ஹார்ட் அட்டாக்கை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா 28 சதவீதம் கம்மி, அதுவும் மீன் ரொம்பக் கம்மியா சாப்பிடறவங்க கிட்டதான் பலன் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இந்த மாதிரி உள்ளே பிரிச்சுப் பாத்து கிடைக்கற நம்பரை குறிப்பா எடுத்துக்கலாம், தீர்ப்பா எடுத்துக்க முடியாது. ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2018 கடைசியில தெளிவாவே சொல்லிடுச்சு, அட்டாக் வந்தவங்களுக்கு அடுத்தது வராம தடுக்க இந்த 1 கிராம் ஒமேகா 3 மருந்து உதவலன்னு.

மறைஞ்ச செலவு: நம்ம ஊர் வெயிலு. மீன் எண்ணெய் சூட்டுலயும் வெளிச்சத்துலயும் கெட்டுப் போகும், குடோன்ல எத்தனை மாசம் எந்தச் சூட்டுல கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். மீன் ஏப்பம், வயித்து எரிச்சல் எல்லாம் சில்லறை. கொஞ்சம் பெருசு என்னன்னா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தோட மேல் அறை தாளம் தப்பி துடிக்கறது. 2021-ல ஏழு ட்ரயலை, 81,000 பேருக்கு மேல, சேர்த்துப் பாத்ததுல இந்த ரிஸ்க் ஏறுதுன்னு வந்துச்சு, தினம் 1 கிராம் வரைக்கும் எடுத்தவங்களுக்கு 12 சதவீதம், அதுக்கு மேல எடுத்தவங்களுக்கு 49 சதவீதம் அதிகம். இதயத்துக்காக சாப்பிடற சாமானே இதயத் தாளத்தைக் கெடுக்கலாம்ங்கறது எந்த விளம்பரத்துலயும் வராது.

காட் லிவர் ஆயிலை இதோட குழப்பிக்காதீங்க, அந்த மஞ்சள் உருண்டை. அதுல வைட்டமின் ஏயும் டியும் சேர்ந்து வரும், ஒமேகா 3 ஏத்தறதுக்காக அதை எண்ணிக்கையில ஏத்தினா வைட்டமின் ஏ ஓவராயிடும், கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து.

யாருக்கு சரி: மீன் வாசனையே ஆகாது, ஆனா அசைவ கேப்சூல் பரவாயில்லைன்னு சொல்றவங்க, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லாதவங்க, வேணும்னா. பெரிய எதிர்பார்ப்பு வெச்சுக்காம.

## டாக்டர் எழுதித் தர்ற சுத்தமான இபிஏ

பேரு ஐகோசபென்ட் ஈதைல். மீன் எண்ணெய்ல இருந்து இபிஏவை மட்டும் பிரிச்சு சுத்தம் பண்ணின மருந்து, அமெரிக்காவுல வாசெப்பாங்கற பேர்ல வந்துச்சு. கடல்ல இருந்து வந்த சரக்குல மாரடைப்பைக் குறைக்குதுன்னு இன்னைய தேதிக்கு நல்ல ஆதாரத்தோட நிக்கறது இது ஒண்ணுதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே பாப்போம்.

ரெட்யூஸ்-இட்னு ட்ரயல், 2018-ல முடிவு வந்துச்சு. 8,179 பேர், எல்லாரும் ஏற்கனவே ஸ்டேட்டின்ல இருக்கறவங்க, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் கன்ட்ரோல்ல இருக்கு ஆனா ரத்தத்துல இருக்கற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் 135-ல இருந்து 499 வரைக்கும் எகிறி நிக்குது. ஒண்ணு இதய நோய் இருக்கறவங்க, இல்ல சுகரோட வேற ரிஸ்க்கும் சேர்ந்தவங்க. தினம் 4 கிராம், காலைல 2 ராத்திரி 2. கிட்டத்தட்ட அஞ்சு வருஷத்துல இதயச் சாவு, அட்டாக், ஸ்ட்ரோக், ஸ்டென்ட் பைபாஸ் தேவை, ஆஞ்சைனா முத்தி ஆஸ்பத்திரியில சேர்றது, இது எல்லாம் சேர்த்து டம்மி குரூப்ல 22.0 சதவீதம் பேருக்கு, மருந்து குரூப்ல 17.2 சதவீதம் பேருக்கு. 25 சதவீதம் குறைவுன்னு தலைப்புல வரும், நெஜ அர்த்தம் 21 பேர் அஞ்சு வருஷம் சாப்பிட்டா அதுல ஒருத்தர் தப்பிக்கறார். இதய மருந்து உலகத்துல இது நல்ல நம்பர்தான். 2019 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்காக அனுமதி கொடுத்துச்சு. இதுக்கு முன்னாடியே ஜப்பான்ல ஜெலிஸ் ட்ரயல்ல 18,645 பேருக்கு ஸ்டேட்டினோட தினம் 1.8 கிராம் இபிஏ கொடுத்து கரோனரி, அதாவது இதய ரத்தக்குழாய்ப் பிரச்சனைகள் 19 சதவீதம் குறைஞ்சதா 2007-ல வந்திருந்துச்சு, அதுல டம்மி கேப்சூல் இல்ல, யாரு மருந்து சாப்பிடறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அது ஒரு குறை.

இப்ப சண்டை. 2020-ல ஸ்ட்ரெங்த்னு இன்னொரு ட்ரயல், 13,078 பேர், இபிஏவும் டிஹெச்ஏவும் கலந்த 4 கிராம் மருந்து, டம்மியில சோள எண்ணெய். பலன் வர்ற மாதிரி தெரியலன்னு பாதியிலயே நிறுத்திட்டாங்க. ஒரே அளவு, ஒண்ணு ஜெயிச்சுது, ஒண்ணு தோத்துது, ஏன்? ஒரு கட்சி சொல்றது, டிஹெச்ஏ சேர்ந்தா வேலை கெடுது, சுத்த இபிஏதான் மருந்து. இன்னொரு கட்சி சொல்றது, ரெட்யூஸ்-இட்ல டம்மியா கொடுத்தது மினரல் ஆயில், அந்த குரூப்ல எல்டிஎல்லும் அழற்சி காட்டற சிஆர்பியும் ஏறிச்சு, டம்மி குரூப் மோசமானதால மருந்து நல்லா தெரிஞ்சுதோன்னு. எஃப்டிஏ இதைப் பாத்துட்டு அந்த விளைவு சின்னதுதான், மருந்தோட பலனை மொத்தமா அடிச்சிடாதுன்னு முடிவு பண்ணிச்சு. என் கணிப்பு, பலன் நெஜம், ஆனா 25ங்கறது கொஞ்சம் ஊதின நம்பரா இருக்கலாம்.

மறைஞ்ச செலவு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதே மாதிரி தாளக் கோளாறான ஃப்ளட்டர்னு ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க 3.1 சதவீதம், டம்மியில 2.1. சீரியஸ் ரத்தக் கசிவும் கொஞ்சம் ஜாஸ்தி. தினம் சாப்பிடணும், வருஷக்கணக்கா, விலையும் சாதா கேப்சூல் மாதிரி இருக்காது.

"அதே இபிஏதானே, சாதா கேப்சூலையே நிறைய போட்டா?"ன்னு கண்டிப்பா கேப்பீங்க. 4 கிராம் இபிஏவுக்கு 180 மி.கி கேப்சூல் 22 போடணும் ஒரு நாளைக்கு. கூடவே இரண்டரை கிராமுக்கு மேல டிஹெச்ஏவும், மிச்ச கொழுப்பும் இலவசம். வேணாம்.

யாருக்கு சரி: ஸ்டேட்டின் சாப்பிட்டும் ட்ரைகிளிசரைட் 150-க்கு மேல, இதய நோய் இருக்கு இல்ல சுகரோட வேற ரிஸ்க் இருக்கு. அதுக்கு வெளியில இருக்கறவங்களுக்கு இது இல்ல.

## கிரில் ஆயில், ஆல்கா ஆயில்

கிரில்ங்கறது அன்டார்டிக் கடல்ல கூட்டமா திரியற இறால் மாதிரி பொடிசு. இதுல ஒமேகா 3 வேற வடிவத்துல இருக்கு, உடம்புல நல்லா சேரும்னு சொல்லி விலை ரெண்டு மூணு மடங்கு. ஆனா 500 மி.கி கேப்சூல்ல இபிஏ, டிஹெச்ஏ சேர்த்தே 100 மி.கி பக்கம்தான் வரும், நல்லா சேர்ந்தா மட்டும் என்ன, உள்ள சரக்கு இருந்தாத்தானே. ஹார்ட் அட்டாக் குறைஞ்சுதுன்னு காட்டின பெரிய ட்ரயல் கிடையாது. இறால் அலர்ஜி இருந்தா தொடாதீங்க. மச்சான்கிட்ட பேரீச்சம்பழம் சொல்லி விடுங்க.

ஆல்கா ஆயில் நியாயமான சாமான். மீனே ஒமேகா 3-ஐ சொந்தமா பெருசா தயாரிக்கறதில்ல, கடல்ல இருக்கற நுண்பாசி தயாரிக்குது, அதைச் சின்னது தின்னு சின்னதைப் பெருசு தின்னு மேல வருது. நேரா பாசியில இருந்தே எண்ணெய் எடுத்தா சைவம், பாதரச பயமும் இல்ல. பெரும்பாலும் டிஹெச்ஏ தூக்கலா இருக்கும், டிஹெச்ஏ எல்டிஎல்லை லேசா ஏத்தும், அதை மனசுல வெச்சுக்கோங்க. ஆளி விதை போதாதான்னா, அதுல இருக்கற வகையை உடம்பு இபிஏவா மாத்தறது ரொம்ப சொற்பம். சைவக்காரங்களுக்கு டெஸ்ட் பாத்தோ டாக்டர் சொல்லியோ ஒமேகா 3 வேணும்னா இதுதான் வழி, இதய மருந்துன்னு நெனச்சு இல்ல.

## கடல்பாசி பவுடர், ஃபுகாய்டன், கைட்டோசான், அஸ்டாசாந்தின்

இதுலதான் நம்ம ஊர் தொடர்பு இருக்கு. மன்னார் வளைகுடாவுல, பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் மூழ்கி பாசி எடுக்கறாங்க, சர்காசம்ங்கற பழுப்புப் பாசி அங்க நிறைய. அந்த மாதிரி பழுப்புப் பாசியிலதான் ஃபுகாய்டன் இருக்கு, 1913-லயே ஸ்வீடன்ல கிலின்ங்கறவர் பிரிச்சுக் காட்டினது. ஹெப்பாரின் ஊசி மாதிரி ரத்தம் உறையறதைத் தடுக்கும், அழற்சி குறைக்கும், எலிகள்ல நல்ல ரிசல்ட் குவிஞ்சு கிடக்கு. மனுஷங்க கிட்ட மாரடைப்பு குறைஞ்சுதுன்னு காட்டற பெரிய ட்ரயல் இல்ல. ரம்ஜானுக்கு செய்யற கடல்பாசி, சைனா கிராஸ், அது சிவப்புப் பாசி, அதுல ஃபுகாய்டனே கிடையாது, ஆனா நோன்பு நேரத்துல அதுக்கு ஈடு வேற எது, அது தனி.

கொச்சியில இருக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபத்துலயும் சென்டர் உண்டு, காடல்மின்ங்கற பேர்ல பாசியில இருந்து கொலஸ்ட்ராலுக்கு, பிபிக்குன்னு தனித்தனி கேப்சூல் கொண்டு வந்திருக்கு. அரசு நிலையம், உருப்படியான வேதியியல் வேலை, வாட்ஸ்அப் பவுடரோட அதைச் சேர்க்கக் கூடாது. ஆனாலும் அது ஊட்டச்சத்துப் பொருள் வகைதான், உங்க பிபி மாத்திரைக்கு பதில் கிடையாது.

கைட்டோசான் இறால், நண்டு ஓட்டுல இருந்து வர்றது, சாப்பாட்டுக் கொழுப்பைப் பிடிச்சு வெளிய தள்ளும்னு விக்கறாங்க, தள்ளற அளவு ரொம்ப சொற்பம். அஸ்டாசாந்தின் சால்மனுக்கும் இறாலுக்கும் இளஞ்சிவப்பு கொடுக்கற நிறமி, சின்னச் சின்ன ஆய்வுகள், மேல ஒண்ணும் இல்ல.

மறைஞ்ச செலவு இங்கதான் ஜாஸ்தி. ஒரு நாளைக்கு தேவைப்படற அயோடின் 150 மைக்ரோகிராம், கெல்ப் வகைப் பாசி ஒரே கிராம்ல அதைப் போல பல மடங்கு இருக்கலாம், தைராய்டு குழம்பிடும். சில பாசியில ஆர்சனிக் சேரும். கிட்னி பலவீனமானவங்களுக்கு பொட்டாசியம் பிரச்சனை. வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க ஃபுகாய்டனோ கைட்டோசானோ சொந்தமா ஆரம்பிக்கவே கூடாது.

இதுக்காக கடல் சரக்கெல்லாம் வெத்துன்னு நெனச்சிட வேண்டாம். பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சதும் ஹெப்பாரினை முறிக்க ஊசியில ஏத்தற ப்ரோட்டமின், சால்மன் மீனோட விந்துல இருந்து வந்த புரதம், 1874-ல மீஷர் கண்டுபிடிச்சது, உங்க வீட்டுல பைபாஸ் ஆனவர் இருந்தா பெரும்பாலும் அவர் உடம்புக்குள்ள அது போயிருக்கும். சீனாவுல பழுப்புப் பாசியில இருந்து எடுக்கற ஆல்ஜினேட்ங்கற பிசினை மாத்தி பிஎஸ்எஸ்னு ஒரு மருந்தை 1980-கள்ல இருந்து இதய, மூளை ரத்தக்குழாய் நோய்க்கு கொடுக்கறாங்க. அதே ஆல்ஜினேட்டை ஜெல்லாக்கி அட்டாக் வந்த இதயத்துக்குள்ள செலுத்தி சுவரைத் தாங்க வைக்கலாம்னு 303 பேர் கிட்ட பண்ணின ட்ரயல் ஆறு மாசத்துல பலன் காட்டல. கடல் கொடுக்குது, ஆனா சுத்தம் பண்ணி, அளவு பாத்து, மனுஷங்க கிட்ட சோதிச்ச பிறகுதான் அது மருந்து.

## ஒரே பார்வையில

| எது | மாரடைப்பு குறைஞ்ச ஆதாரம் | மாசச் செலவு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| மத்தி, அயிலை | ஓரளவு நல்லா | கம்மி | பொரிக்கற எண்ணெய், கருவாட்டு உப்பு, கவுட் |
| சாதா ஃபிஷ் ஆயில் | புது ட்ரயல்கள்ல இல்ல | நடுத்தரம் | கெட்டுப்போன எண்ணெய், இதயத் தாளம் |
| ஐகோசபென்ட் ஈதைல் | இருக்கு, குறிப்பிட்ட ஆளுங்களுக்கு | ஜாஸ்தி | இதயத் தாளம், ரத்தக் கசிவு |
| கிரில் | இல்ல | ஜாஸ்தி | உள்ள சரக்கு கம்மி, இறால் அலர்ஜி |
| ஆல்கா | இல்ல, சைவத்துக்கு மாற்று | நடுத்தரம், ஜாஸ்தி | எல்டிஎல் லேசா ஏறும் |
| பாசி கேப்சூல், பவுடர் | இல்ல | பிராண்டைப் பொறுத்து | தைராய்டு, கிட்னி, வார்ஃபரின் |

## உங்க நிலைமை எது

ஒண்ணும் இல்ல, குடும்பத்துல இருக்குன்னு பயம் மட்டும்னா வாரம் ரெண்டு நாள் மீன் குழம்பு, கேப்சூல் காசை வருஷத்துக்கு ஒரு தடவை லிப்பிட் டெஸ்ட்டுக்கு வெச்சுக்கோங்க. ஸ்டென்ட் வெச்சு ஸ்டேட்டின்ல இருக்கறவர்னா கடைசி ரிப்போர்ட்ல ட்ரைகிளிசரைட் எவ்ளோன்னு பாருங்க, 150-க்கு கீழன்னா மீனோட நிறுத்திக்கலாம், மேலன்னா முதல்ல சுகர், குடி, எடை, தைராய்டு இதையெல்லாம் சரி பண்ணிட்டும் எறங்கலைன்னா "எனக்கு ஐகோசபென்ட் பொருந்துமா"ன்னு கார்டியாலஜிஸ்ட்கிட்ட பேரைச் சொல்லியே கேளுங்க. 500-ஐத் தாண்டினா அது கணையத்துக்கும் ஆபத்து, கேப்சூல் வாங்கி நாள் கடத்தாம உடனே போங்க. ஏற்கனவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கா, எந்த ஒமேகா 3 கேப்சூலா இருந்தாலும் டாக்டர் சொல்லாம வேணாம், மீன் தாராளமா சாப்பிடலாம்.

பாட்டில் ஏற்கனவே வாங்கியாச்சே என்ன பண்றதுன்னா, ஒரு கேப்சூலைக் கடிச்சு மோந்து பாருங்க, லேசா மீன் வாடை வந்தா சரி, பழைய பெயின்ட் மாதிரி காறல் அடிச்சா மொத்தமா தூக்கிப் போடுங்க. நல்லா இருந்து, மேல சொன்ன எந்தத் தொந்தரவும் இல்லைன்னா வெறும் வயித்துல இல்லாம மதியச் சாப்பாட்டோட போட்டு முடிச்சிடுங்க. ஆபரேஷனோ பல் புடுங்கறதோ வர்றதா இருந்தா இதையும் சாப்பிடறோம்னு முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிடுங்க.